வாய்ப்புண்ணுக்குச் சுக்கிட்டிக் கீரை தண்ணிச்சாறு

வாய் வெந்து, காரம் பட்டாலே கண்ணில் நீர் முட்டினால் செட்டிநாட்டு வீடுகளில் அன்றைக்குச் சுக்கிட்டிக் கீரை தண்ணிச்சாறுதான். மற்ற ஊர்க்காரர்களுக்கு அந்தக் கீரை மணத்தக்காளி. தண்ணிச்சாறு என்பது அரிசி களைந்த தண்ணீரும் தேங்காய்ப்பாலும் விட்டு வைக்கும் நீர்த்த கீரைச்சாறு. வழக்கமான தண்ணிச்சாறில் வரமிளகாய் கிள்ளிப் போடுவார்கள். புண்ணுக்கு வைக்கும்போது மிளகாய், மிளகு, புளி, தக்காளி எதுவும் ஆகாது. இந்த விலக்கே பாதி மருந்து.

இரண்டு பேருக்கு ஆய்ந்த கீரை இரண்டு கைப்பிடி, சின்ன வெங்காயம் 8, சீரகம் அரைத் தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி, அரிசி களைந்த தண்ணீர் 2 டம்ளர், கெட்டித் தேங்காய்ப்பால் அரை டம்ளர் போதும். கீரையோடு வரும் பச்சைக் காய்களைப் பச்சையாக மெல்ல வேண்டாம். அவற்றில் நச்சுப்பொருள் உண்டு.

களைந்த தண்ணீரில்தான் விஷயமே இருக்கிறது. முதல் தண்ணீர் தூசியும் தவிடுமாக வரும், கொட்டிவிடுங்கள். இரண்டாம் தண்ணீரில் அரிசியை உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்தால் பால்போல் வெளுக்கும். அந்த மாவுச்சத்துதான் கொதித்ததும் வழவழப்பாகிப் புண்ணின்மேல் படியும். பாக்கெட் அரிசியில் தண்ணீர் தெளிவாகவே நின்றால் ஒரு தேக்கரண்டி அரிசிமாவைக் கரைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் காய்ந்ததும் வெந்தயம். சிவந்தால் போதும், கருகினால் சாறு முழுக்கக் கசப்பு. அப்புறம் சீரகம், வெங்காயம், கீரை. கீரை சுருண்டதும் தண்ணீரை ஊற்றி, மூடாமல் 7, 8 நிமிடம் கொதிக்க விடுங்கள். மூடினால் பச்சை நிறம் மங்கிவிடும். அடிக்கடி கிளறாவிட்டால் மாவு அடியில் பிடிக்கும். உப்பு வழக்கத்தில் பாதி, இல்லையென்றால் புண்ணில் சுரீரென்று எரியும். அடுப்பை அணைத்து, கொதி அடங்கியபிறகே தேங்காய்ப்பால். கொதியில் விட்டால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும்.

வெதுவெதுப்பாக ஒரு வாய் எடுத்து, சற்று நேரம் கொப்புளித்தபடி வைத்திருந்து விழுங்குங்கள். மூன்று நான்கு நாள், தினமும் புதிதாக வைத்து. தேங்காய்ப்பால் ராத்தங்காது.

தொண்டைக் கரகரப்பு மட்டும் என்றால் இவ்வளவு வேலை எதற்கு? விரல்கணு நீளம் அதிமதுரக் குச்சியை மென்று சாற்றை விழுங்கலாம், ஓரிரு நாளைக்கு. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், நீர்பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் தொடவேண்டாம்: அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும்.

இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் இதில் நாள் கடத்தவே கூடாது.