மாட்டுங்கா சமையலறையில் குரலைத் தெளிவாகப் பதிய

மும்பை மாட்டுங்காவில் எங்கள் ஜன்னலுக்குக் கீழே ரயில் பாதை. அத்தையின் சமையல் வீடியோக்களை அங்கேதான் எடுக்கிறேன். படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பார்கள். பேச்சு புரியவில்லை என்றால் மூடிவிடுவார்கள்.

முதல் வேலை, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவது. மற்றதெல்லாம் அப்புறம். காலர் மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே, முந்தானை உரசாத இடத்தில் குத்துங்கள். மெத்தென்ற பருத்திப் புடவை நல்லது. கஞ்சி போட்ட புடவையும் பட்டும் சரசரக்கும். தாலிச் சங்கிலி மைக்கில் இடித்தால் வரும் 'டிக்' சத்தத்தைப் பிறகு எடுப்பது பெரும்பாடு. சங்கிலியை ரவிக்கைக்குள் விடச் சொல்லுங்கள்.

மின்விசிறி, ஃபிரிட்ஜ் இரண்டையும் அணையுங்கள். வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தால், மறுபடி போட மறக்காது. தரையில் ஜமக்காளம் விரித்தால் எதிரொலி அடங்கும். ரயில் வந்தால் நிறுத்தி, போனதும் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள்.

பதிவின் மாதிரி வீதம் (sample rate, நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். ஒலி அளவைக் காட்டும் மீட்டரில் உரத்த பேச்சு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் உடைந்துவிடும். முடிவில் யாரும் பேசாமல் அரை நிமிடம் பதியுங்கள், வெட்டிய இடங்களை ஒட்ட அந்த அறைச் சத்தம் வேண்டியிருக்கும்.

எடிட்டிங்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொண்டை ஒலிகளை வெட்டினால் ரயிலின் உறுமல் குறையும். இரைச்சல் நீக்கியைக் கொஞ்சமாகப் போடுங்கள்; அதிகமானால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். கடுகு வெடிக்கும் சத்தத்தை மட்டும் தொடாதீர்கள்.