பழைய கோயில், கோட்டை பக்கத்துல வீடு கட்டுறீங்களா? இந்தத் தப்புகளைப் பண்ணிடாதீங்க

பஞ்சாயத்துல பிளான் அப்ரூவல் வந்துடுச்சு, இனிமே யாரும் கேக்க முடியாதுன்னு நினைக்கிறது தான் இருக்கறதுலயே பெரிய தப்பு. 2024 ஜூலைல இருந்து 2,500 சதுர அடி வரைக்கும் மனை, 3,500 சதுர அடி வரைக்கும் வீடுன்னா சுயசான்று முறையில ஆன்லைன்லயே அனுமதி வாங்கிடலாம்னு ஆனதுக்கப்புறம் இந்த நினைப்பு இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு. ஆனா உங்க மனை மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கிற இடத்துக்குப் பக்கத்துல இருந்தா அந்த அனுமதி மட்டும் பத்தாது, 1958-ம் வருஷத்து தொல்லியல் சின்னங்கள் சட்டமும் அதுக்கு 2010-ல வந்த திருத்தமும் தனியா நிக்குது, அதுக்குத் தனியா என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற சான்று) வேணும்.

சட்டம் சொல்றது இது தான். பாதுகாக்கப்பட்ட எல்லையில இருந்து எல்லாப் பக்கமும் குறைஞ்சது 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அங்க புதுசா எதுவும் கட்டவே கூடாது. அதுக்கு அடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி, அங்க அனுமதி வாங்கிட்டு கட்டலாம். ரெண்டுலயும் மீறினா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே.

இப்ப அளக்கறதுல நடக்கற தப்பைப் பாருங்க. நிறைய பேர் கோபுரத்துல இருந்தோ கருவறையில இருந்தோ டேப் பிடிச்சு அளந்துட்டு, 130 மீட்டர் வருது நாம தப்பிச்சோம்னு அஸ்திவாரம் தோண்டிடறாங்க. அப்படி இல்லங்க, பாதுகாக்கப்பட்ட நிலத்தோட எல்லை எங்க முடியுதோ அங்க இருந்து தான் கணக்கு ஆரம்பிக்கும். ஆதிச்சநல்லூர்ல பாதுகாக்கப்பட்ட தாழிக்காடே, அதாவது முதுமக்கள் தாழி புதைச்ச இடமே, 114 ஏக்கர், அதோட ஓரத்துல இருந்து 100 மீட்டர்னா எவ்வளவு தூரம் போகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால புல எண்ணை எடுத்துட்டுப் போய் தொல்லியல் துறை ஆபீஸ்லயே எல்லை எதுன்னு கேட்டுட்டு, சர்வேயரை வச்சு அளந்துடுங்க.

இன்னொண்ணு, கோயில் கோட்டை மட்டும் தான் இதுல வரும்னு நினைக்காதீங்க. தமிழ்நாட்டுல மத்திய தொல்லியல் துறை கையில 400-க்கு மேல இடம் இருக்கு, சித்தன்னவாசல், கொடும்பாளூர் மூவர் கோயில், மண்டகப்பட்டு குடைவரைன்னு பேர் தெரிஞ்சது கொஞ்சம் தான், செங்கல்பட்டு காஞ்சிபுரம் பக்கம் பல கிராமத்துல வெறும் கல்வட்டமும் ஈமக்காடும் கூட அந்த லிஸ்ட்ல இருக்கு. பாக்கறதுக்கு பொறம்போக்குல கல்லு கிடக்குற மாதிரி தான் இருக்கும், ஆனா அது பெருங்கற்காலத்து மனுஷங்களோட இடுகாடு. லேஅவுட் போடறவங்க இதை வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க, சேமிச்ச காசையெல்லாம் போட்டு பிளாட் வாங்குறவங்க தான் மாட்டிக்கிறாங்க, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே விசாரிச்சுடுங்க. மாநில தொல்லியல் துறை பாதுகாக்கிற இடங்களும் இருக்கு, அதுக்கு 1966-ம் வருஷத்து சட்டம் தனி, அங்கயும் ஒரு வார்த்தை கேட்டுடணும். கோயில் இ.ஓ. (செயல் அலுவலர்) சரின்னு சொல்லிட்டார்ங்கறதும் கணக்குல வராது. கங்கைகொண்ட சோழபுரம் மாதிரி இடத்துல பூஜை ஒரு துறை பாத்துக்கும், கட்டடத்தைக் காப்பாத்துறது வேற துறை.

ரொம்ப வேதனையான தப்பு பழைய வீட்டை அவசரப்பட்டு இடிச்சுடறது தான். 100 மீட்டருக்குள்ள 1992 ஜூன் 16-க்கு முன்னாடியே இருக்கிற வீடுன்னா ரிப்பேர், புதுப்பிக்கிற வேலைக்கு அனுமதி கேக்கலாம். ஆனா தரைமட்டமா இடிச்சுட்டு திருப்பிக் கட்டறது ரிப்பேர் ஆகாது, மேல ஒரு மாடி எடுக்கறதும் பக்கத்துல ஒரு ரூம் இழுக்கறதும் புதுக் கட்டுமானம்னு தான் சட்டத்துலயே இருக்கு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல 3.5 லட்சம் வருதுன்னு குடிசையைப் பிரிச்சுப் போட்டுட்டு, அப்புறம் தொல்லியல் துறை நோட்டீஸ் வந்தா அந்தக் குடும்பம் எங்க போய் நிக்கும்? ஏழைங்க தலையில இதைக் கட்டறது நியாயமே இல்ல, பயனாளி லிஸ்ட் போடும்போதே ஊராட்சியும் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸும் இடத்தைப் பாத்து சொல்லியாகணும்னு தான் நான் நினைக்கிறேன்.

200 மீட்டர் பகுதியில என்ஓசி கேக்கறவங்க உயரத்துல கோட்டை விடறாங்க. மொட்டை மாடி வரைக்கும் மட்டும் கணக்கு போட்டு எழுதுவாங்க, ஆனா படிக்கட்டு ரூம், கைப்பிடிச் சுவர், தண்ணி டேங்க் எல்லாம் சேத்து தான் உயரம். காம்பவுண்டு சுவர் தானேன்னு அலட்சியமா விட்டுடாதீங்க, அதுவும் கட்டுமானம் தான், அதையும் பிளான்லயே காட்டிடுங்க. நேரமும் ஆகும். மனு குடுத்தா 15 நாள்ல தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்துக்குப் போகணும், அவங்களுக்கு 2 மாசம், அப்புறம் அனுமதி குடுக்கிற அதிகாரிக்கு 1 மாசம்னு சட்டத்துலயே போட்டிருக்கு, அதனால ஆவணில வாஸ்து பூஜைன்னா சித்திரைலயே மனு போயிருக்கணும், மேஸ்திரிக்கு அட்வான்ஸ் அப்புறம் குடுத்துக்கலாம்.

"100 மீட்டர் ரூலை எடுத்துட்டாங்க"ன்னு சொல்றவங்களையும் நம்பாதீங்க. 2018 ஜனவரில மக்களவையில ஒரு திருத்தம் பாஸ் ஆச்சு, அது மத்திய அரசோட பொதுப் பணிகளுக்காக கொண்டு வந்தது, நம்ம வீட்டுக்கு இல்ல, அதுவும் மாநிலங்களவையில தேர்வுக் குழுவுக்குப் போயிடுச்சு.

தோண்டும்போது சிலை, காசு, பானைன்னு ஏதாவது கிடைச்சா மூடி மறைக்காதீங்க, 1878-ம் வருஷத்து புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தாலே கலெக்டருக்கு எழுத்துல சொல்லணும், மறைச்சா 1 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. விஏஓ கிட்ட அன்னைக்கே சொல்லிட்டு வேலையை நிறுத்தி வைங்க.

கடைசியா ஊர்க்காரங்க யாருமே கண்டுக்காத ஒண்ணு. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியா துணைவிதி எழுதணும்னு சட்டம் சொல்லுது, எவ்வளவு உயரம், எப்படிப்பட்ட கட்டடம்னு எல்லாம் அதுல தான் வரும். வரைவு வெளியாகும்போது பொதுமக்கள் கருத்து சொல்லலாம். நாம சும்மா இருந்தா டெல்லியில எழுதறது தான் நம்ம தெருவுக்கு விதியாகும், அதனால கிராம சபையில பேசி, குடிசை வீடுகளுக்கு என்ன வழின்னு தீர்மானமாவே போட்டு அனுப்புங்க.