ஒரு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டிய சொகுசுக் காரை மட்டக்களப்பில் வாங்குவது எப்படி

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கான கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனாலும் தீர்வைகள் சேர்ந்த பிறகு புதிய காரின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் நிலையில் இல்லை. அதனால்தான் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் அம்பாறை நகரிலும், எட்டுப் பத்து வருடம் ஓடிய பென்ஸ், பி.எம்.டபிள்யூ, அவுடி கார்களை விசாரித்து அலைபவர்கள் அதிகரித்துள்ளனர். புதிய சிறிய காருக்குக் கேட்கும் பணத்தில் அப்படியொரு கார் கிடைக்கும்போது ஆசை வருவது இயல்பு. அந்த ஆசை தவறானதும் அல்ல. ஆனால் அந்தக் காரை வாங்கும் விலையும் அதை ஓடவைக்கும் விலையும் வெவ்வேறு. இரண்டாவதைக் கணக்கிடாமல் முதலாவதைக் கொடுத்துவிட்டு, முதல் வருடத்திலேயே நட்டத்துக்கு விற்றவர்கள் நம் பகுதியில் இருக்கிறார்கள்.

முதலில் கிலோமீற்றர் பற்றிய அச்சத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பத்து வருடக் கார் வருடத்துக்குப் பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் கிலோமீற்றர் ஓடியிருந்தால், மீற்றரில் ஒரு இலட்சம் முதல் ஒன்றரை இலட்சம் வரை நிற்பதே முறையான கணக்கு. அதே வயதுக் கார் நாற்பத்தையாயிரம் காட்டினால்தான் கூடுதலாகக் கேள்வி கேட்க வேண்டும். மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை, ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போய் வந்து சேர்த்த கிலோமீற்றரும், கொழும்பு நெரிசலில் ஊர்ந்து சேர்த்த கிலோமீற்றரும் மீற்றரில் ஒன்றுபோலவே தெரியும். திறந்த வீதியில் ஒரே சீரான வேகத்தில் ஓடும்போது என்ஜினும் கியர்பொக்ஸும் குறைந்த அளவே தேய்கின்றன. நெரிசலில் நின்று நின்று ஓடிய கார், மீற்றரில் குறைவாகக் காட்டினாலும், என்ஜின் இயங்கிய மணிநேரத்தில் அதைவிட முதியதாக இருக்கும். ஆகையால் எத்தனை கிலோமீற்றர் என்ற கேள்வியோடு நிற்காமல், அத்தனை கிலோமீற்றருக்குள் இந்தக் காருக்கு என்னென்ன செய்யப்பட்டது, அதற்குக் கடதாசிச் சான்று உண்டா என்று கேட்க வேண்டும். ஒன்றரை இலட்சம் ஓடி, ஒவ்வொரு சேவைக்கும் பற்றுச்சீட்டு உள்ள காரை, எண்பதாயிரம் ஓடி ஒரு சீட்டும் இல்லாத காரைவிட நான் உயர்வாக மதிப்பேன்.

மீற்றர் குறைக்கப்பட்டுள்ளதா என்று அறிய வழிகள் உண்டு. இந்த ஜேர்மன் கார்களில் ஓடிய தூரம் முன்பலகை மீற்றரில் மட்டுமல்லாமல் காருக்குள் உள்ள சிறு கணினிகளான வேறு சில கட்டுப்பாட்டு அலகுகளிலும் பதிவாகிறது. பென்ஸில் சாவி போடும் அலகிலும், பல பி.எம்.டபிள்யூ மாதிரிகளில் சாவியிலேயும்கூட அது சேமிக்கப்படும். முன்பலகையை மட்டும் மாற்றியவர் மற்றவற்றை மறந்திருக்கக்கூடும். எனவே அந்தந்தக் கார் நிறுவனத்துக்கு உரிய ஸ்கேன் கருவியால் எல்லா அலகுகளையும் வாசித்து ஒப்பிடச் சொல்லுங்கள். உள்நாட்டு முகவரிடம் சேவை செய்யப்பட்ட கார் என்றால், செசி இலக்கத்தைக் கொடுத்து வரலாற்றை விசாரிக்கலாம். பென்ஸுக்கு டிமோ நிறுவனமும் பி.எம்.டபிள்யூவுக்குப் பிரஸ்டீஜ் ஒட்டோமொபைல் நிறுவனமும் இலங்கை முகவர்களாக இருந்துவந்துள்ளன. உரிமையாளரின் ஒப்புதலுடன் கேட்பது முறை. ஒப்புதல் தர உரிமையாளர் தயங்கினால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிலிருந்து வந்த கிரவுண், லெக்ஸஸ் போன்றவற்றுக்கு அங்கே ஏலத்தில் விற்றபோது காரின் நிலையையும் ஓடிய தூரத்தையும் குறித்த ஏலத் தாளைக் கேட்க வேண்டும். இவற்றுடன் கண்ணையும் பயன்படுத்துங்கள். சாரதி ஆசனத்தின் கதவுப் பக்க விளிம்பு, ஸ்டியரிங்கின் தோல், பிரேக் மிதியின் ரப்பர் ஆகியவை தேய்ந்து வழுவழுத்திருக்க மீற்றர் அறுபதாயிரம் காட்டினால், இரண்டில் ஒன்று பொய்.

எந்த மாதிரியை வாங்குவது என்று முடிவெடுக்குமுன், அதற்குள் இருக்கும் என்ஜினின் பெயரைக் கேட்டறிவது அவசியம், ஏனெனில் ஒரே உருவக் காருக்குள் நல்ல என்ஜினும் தொல்லை தரும் என்ஜினும் இருக்கின்றன. பி.எம்.டபிள்யூ 520டி, 320டி கார்களில் 2007 முதல் 2014 அளவில் வந்த என் 47 டீசல் என்ஜினில், வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் ரைமிங் செயின், கியர்பொக்ஸ் பக்கமாக, பின்புறத்தில் அமைந்திருக்கிறது. அது தேய்ந்தால் கியர்பொக்ஸையோ என்ஜினையோ இறக்காமல் மாற்ற முடியாது. மாற்றாமல் ஓடினால் செயின் அறுந்து என்ஜினே போய்விடும். டபிள்யூ 204 எனப்படும் தலைமுறையைச் சேர்ந்த பென்ஸ் சி கிளாஸ் பெற்றோல் கார்கள் பலவற்றில் உள்ள எம் 271 என்ஜினிலும் செயினும் அதன் பற்சக்கரங்களும் தேய்வது பலர் அறிந்த குறை. குளிர்ந்த என்ஜினை முடுக்கும் முதல் சில விநாடிகளில் கேட்கும் கரகரப்பு அதன் அடையாளம். 2008க்கும் 2012க்கும் இடைப்பட்ட அவுடி 2.0 பெற்றோல் என்ஜின்கள் பல, பிஸ்டன் வளையக் குறையால் ஒயில் குடிக்கும். சிறிய அவுடிகளில் வரும் ஒயிலில் நனையாத உலர் கிளச் கொண்ட ஏழு கியர்ப் பெட்டி, வெப்பத்திலும் நெரிசலிலும் நீண்ட நாள் நிலைப்பது அரிது. இவற்றில் ஒன்றை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த வேலை ஏற்கெனவே செய்யப்பட்டுச் சீட்டும் இருந்தால், அது ஒரு சிறந்த வாங்கலாகவும் இருக்கலாம்.

கியர்பொக்ஸ் ஒயில் ஆயுட்காலத்துக்கும் மாற்றத் தேவையில்லை என்று விற்பவர் சொன்னால் அதை ஏற்காதீர்கள். பி.எம்.டபிள்யூவின் எட்டு கியர்ப் பெட்டியைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே, 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் அல்லது எட்டு வருடத்துக்குள் ஒயில் மாற்றச் சொல்கிறது. நீங்கள் பார்க்கும் கார் அந்த எல்லையில் நிற்கிறது அல்லது தாண்டிவிட்டது. ஆகவே இதுவரை மாற்றப்படவில்லை என்றால் அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேச வேண்டும்.

வயர் செருகிச் சார்ஜ் செய்யும் பென்ஸ் சி 350இ, பி.எம்.டபிள்யூ 530இ போன்ற ஹைபிரிட் கார்களுக்குத் தனிக் கவனம் தேவை. முழுச் சார்ஜ் ஏற்றி, மின்சாரத்தில் மட்டும் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று நீங்களே ஓட்டிப் பாருங்கள். சி 350இக்குத் தயாரிப்பாளர் சொன்னது ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அதில் பாதிகூட வராவிட்டால் பெரிய பற்றரி தளர்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றும் செலவு இந்தக் கார்களில் வரக்கூடிய மிகப் பெரிய தனிச் செலவுகளில் ஒன்று.

இனி நம் கரைக்கே உரிய இரண்டு ஆபத்துகளை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று உப்புக் காற்று. கல்லடி, நாவலடி, காத்தான்குடி, மருதமுனை, காரைதீவு எனக் கடலும் வாவியும் அணைத்த ஊர்களில் வெளியே நிறுத்தப்பட்ட கார், மேலே பளபளத்தாலும் கீழே அரித்திருக்கும். ஆகவே காரை உயர்த்திப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக்கூடாது. பிரேக் குழாய்கள், அவற்றைப் பிடிக்கும் ஆணிகள், பின்சக்கரத் தொகுதியைத் தாங்கும் சட்டமான பின் சப்ஃபிரேம், ஏசி கண்டென்சரின் தகடுகள், வயர்க் கூட்டங்களின் பொருத்திகளில் படியும் பச்சை நிற அரிப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒளியடித்துப் பாருங்கள். அண்மையில் அடிக்கப்பட்ட கறுப்பு மை கீழ்ப்பகுதி முழுவதையும் மூடியிருந்தால், அது பாதுகாப்புக்காக அடிக்கப்பட்டதா, மறைப்பதற்காக அடிக்கப்பட்டதா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

மற்றது வெள்ளம். 2024 நவம்பர் இறுதியில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மூடியதை அம்பாறை மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டிட்வா புயலோடு வந்த வெள்ளம் நாடெங்கும் வாகனங்களை மூழ்கடித்தது. அப்படி நனைந்த கார்கள் கழுவி உலர்த்தப்பட்டு வேறு மாவட்டங்களில் விற்பனைக்கு வருவது எதிர்பார்க்க வேண்டியதே. சாதாரணக் காரைவிடச் சொகுசுக் காருக்கு வெள்ளம் கொடியது, ஏனெனில் அதன் கட்டுப்பாட்டு அலகுகள் பல ஆசனங்களுக்கு அடியிலும் கம்பளத்துக்கு அடியிலும் பின்பெட்டியின் தரையிலும் இருக்கின்றன. ஒருமுறை நீர் தொட்டுவிட்டால், மாதங்கள் கழிந்த பிறகும் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். சோதிக்கும் முறை எளிது. நான்கு ஆசனப் பட்டிகளையும் கடைசி வரை இழுத்து, அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். உதிரிச் சக்கரக் குழியின் மூலைகளில் விரலை விட்டு வண்டல் ஒட்டுகிறதா என்று தடவுங்கள். ஆசனங்களைத் தரையோடு பிடிக்கும் ஆணிகளில் துருவும், முன்விளக்குகளுக்குள் ஈரப் பூச்சும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. கண்ணாடிகளை மூடிவிட்டு அரை மணிநேரம் கழித்துக் கதவைத் திறந்து முகருங்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால், எதற்காக அது போடப்பட்டது என்று யோசியுங்கள். வெள்ளம் பார்த்த சொகுசுக் காரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

பார்க்கப் போகும் நாளில், நீங்கள் வரும்வரை காரை முடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சூடான என்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். பொனட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடுக்கி, செயின் சத்தத்தையும் புகையின் நிறத்தையும் கவனியுங்கள். பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். நகரத்துக்குள் சுற்றி வருவது இதற்குப் போதாது, ஏனெனில் நம் கரையோரம் முழுவதும் சமதரை. குளிரூட்டும் தொகுதியின் பலவீனமும் கியர்பொக்ஸின் நழுவலும் சுமை ஏறும்போதுதான் வெளிப்படும். விற்பவர் சம்மதித்தால் செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மகாஓயாவைக் கடந்து பிபிலைக்கு அப்பால் ஏற்றம் தொடங்கும் வரை, ஏசியை முழுமையாக இயக்கியபடி ஓட்டிச் செல்லுங்கள். ஒரு நாள் செலவாகும், எரிபொருளும் உங்களுடையதாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த ஏற்றத்தில் வெப்பமானி அசையாமல் நின்று, கியர்கள் உதறலின்றி மாறினால், கடற்கரை வீதியில் பத்து முறை சுற்றினாலும் கிடைக்காத நம்பிக்கை கிடைக்கும். இந்தக் கார்களின் பிளாஸ்ரிக் நீர்த்தாங்கியும், பல பி.எம்.டபிள்யூக்களில் உள்ள மின் நீர்ப் பம்பும் ஒரு இலட்சம் கிலோமீற்றர் அளவில்தான் களைக்கத் தொடங்குகின்றன என்பதால் இந்தச் சோதனை முக்கியம். காற்றுச் சஸ்பென்ஷன் உள்ள காராயின், இரவு முழுவதும் நின்ற பிறகு காலையில் ஒரு மூலை தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத் திகதியையும் வாசியுங்கள். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் குறிக்கும்.

ஸ்கேன் செய்யும்போது பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை என்ற பதிலோடு திருப்தியடையாதீர்கள். பார்வைக்கு முன் எல்லாவற்றையும் அழித்துவிடுவது வழக்கம். காரின் கணினி தானே செய்துகொள்ளும் சுயபரிசோதனைகள் நிறைவுற்றுள்ளனவா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். நிறைவுறாமல் இருந்தால் அண்மையில் அழித்திருக்கிறார்கள். ஓட்டி முடித்த பின் மீண்டும் ஒருமுறை ஸ்கேன் செய்வது நல்லது.

டீசல் காராயின் எரிபொருளையும் யோசிக்க வேண்டும். புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள கார்களுக்குக் கந்தகம் குறைந்த சுப்பர் டீசலே ஏற்றது. வீட்டுக்கும் கடைக்கும் இடையில் மட்டும் ஓடுபவருக்கு அந்த வடிகட்டி அடைபட்டுக்கொண்டே இருக்கும், ஆகவே அவர் பெற்றோல் காரைப் பார்ப்பதே மேல். பெற்றோல் என்ஜின்கள் பெரும்பாலும் 95 ஒக்டேன் கேட்பவை.

ஆவணங்களில் அவசரம் கூடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள செசி, என்ஜின் இலக்கங்களைக் காரில் பொறிக்கப்பட்டவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தீர்வை செலுத்தாமல் கொண்டுவரப்பட்டு மோசடியாகப் பதிவு செய்யப்பட்ட சொகுசு வாகனங்கள் விசாரணைகளில் பிடிபட்டுள்ளன. அப்படிப்பட்ட வாகனத்தை அறியாமல் வாங்கியவரும் அதை இழக்க நேரிடும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் பெயர் நீக்கமும் இல்லாமல் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். தீர்வைச் சலுகைப் பெர்மிட்டில் வந்த வாகனத்துக்குக் கைமாற்ற நிபந்தனைகள் இன்னும் உள்ளனவா என்று கேளுங்கள். உரிமையாளர் கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களுடன் கைமாறி வந்த காரைத் தவிர்த்து, சான்றிதழில் பெயருள்ளவரை அடையாள அட்டையோடு நேரில் சந்தித்து, எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 ஆகிய உரிமை மாற்றப் படிவங்களை நிரப்பி, 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை மாற்றிக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது, கார் விலையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கை முதல் வருடத்துக்கென ஒதுக்கிவைத்துவிட்டு, மீதியைத்தான் உங்கள் எல்லையாகக் கொள்ள வேண்டும் என்பது என் ஆலோசனை. யானையை வாங்குபவர் தீனிக்கும் பணம் வைத்திருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் நல்ல கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கார் நிறுவனங்களுக்குரிய கருவியும் அனுபவமும் சேர்ந்த கராஜ் எது என்பதைக் கார் வாங்குமுன் தேடிவைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், பெரிய பழுதுக்கு ஏற்றிச் செல்லும் லொறிச் செலவோடு கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகங்கள் கிடைக்கும். உடல் பாகங்களுக்கும் விளக்குகளுக்கும் அவை போதும். பிரேக், ஸ்டியரிங், நீர்ப் பம்பு ஆகியவற்றுக்குப் புதியதையே வாங்குங்கள்.

கார் கைக்கு வந்த முதல் வாரத்தில் என்ஜின் ஒயில், கியர்பொக்ஸ் ஒயில், பிரேக் திரவம், குளிர்விப்பான் திரவம், எல்லா வடிகட்டிகள் ஆகியவற்றில், முன்னையவர் என்ன சொல்லியிருந்தாலும், சீட்டில்லாதவற்றை எல்லாம் மாற்றி, திகதியையும் கிலோமீற்றரையும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். காப்புறுதி எடுக்கும்போது வெள்ளமும் இயற்கை அனர்த்தமும் உள்ளடக்கப்பட்டுள்ளனவா என்று கேட்டு, இல்லையெனில் மேலதிகக் கட்டணம் செலுத்தியேனும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒக்டோபர் முடிவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும், வடகீழ்ப் பருவமழை அதன் பிறகு எந்த நாளிலும் தொடங்கலாம்.