தோள்பட்டையில் அடிபட்ட பிறகும் மண்ணில் பைக் ஓட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு காலை மேலூர்ப் பக்கம் ஒரு காய்ந்த கண்மாயில் ஓட்டிக்கொண்டிருந்தோம். புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர், வயது 42 இருக்கும், வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டை இடது கையால் மட்டும் கழற்றினார். "வலது கைக்கு என்ன தம்பி?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே, ரெண்டு மாசம் முன்னாடி விழுந்தேன். சுளுக்குதான், நீவிக்கிட்டிருக்கேன்" என்றார். கையைப் பக்கவாட்டில் தூக்கிக் காட்டச் சொன்னேன். கை எழும்புவதற்கு முன்னாலேயே தோள் காதுப் பக்கம் ஏறியது. நான்கு வருடம் முன்பு என் வீட்டுக் கண்ணாடியில் நான் பார்த்த அதே அசைவு. அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் கார்டு பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் நிம்மதியாகிவிடுவது

எனக்கு அப்போது 44. கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போது முன்சக்கரம் சரளையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு நன்றாக இருந்தது, வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வீட்டிலும் தெருவிலும் ஒரே பேச்சுதான்: எலும்பு உடையலன்னா சுளுக்கு, நீவினா போயிரும். நம்ம ஊரில் மாடு பிடிக்கிற பையன்களிலிருந்து மூட்டை தூக்குகிறவர்கள் வரை பலரும் முதலில் எண்ணெய் போட்டு நீவத்தான் போகிறார்கள், நானும் போனேன். மூன்று வாரம். கையைப் பிடித்துத் திருகி இழுக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் வைத்தியம் என்று பொறுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்தத் தோளோடு ஓட்டினேன்.

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். தோள் மூட்டில் ஓர் உருண்டை எலும்பு ஆழமில்லாத குழியில் உட்கார்ந்திருக்கிறது. அதை நகரவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சுற்றியுள்ள நான்கு தசைகளும் அவற்றின் நார்களும். ரொட்டேட்டர் கஃப் என்பார்கள் டாக்டர்கள், நாம் பொதுவாக ஜவ்வு என்போம். வயது ஏற ஏற இந்த நார் நைந்துபோகிறது. இருபது வயதுப் பையனுக்குத் தோள் இறங்கினால், அதாவது மூட்டு நழுவினால், மறுபடி மறுபடி இறங்குமே என்பதுதான் கவலை. நாற்பதைத் தாண்டியவருக்குத் தோள் இறங்கினால் கூடவே ஜவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். முழுதாக அறுந்த நார் தானாக எலும்போடு ஒட்டாது. நாளாக ஆகத் தசை அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், தசையும் மெலிந்து கொழுப்பேறிவிடும். ரொம்பத் தள்ளிப்போட்டால் தைக்க முடியாமலே போகலாம்.

எனக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது நார் நன்றாகவே உள்ளே போயிருந்தது. "விழுந்த ரெண்டு மாசத்துல வந்திருந்தா எனக்கும் வேலை கம்மி, உங்களுக்கும் வேதனை கம்மி" என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் அறிகுறி எல்லாமே இருந்தது. குளிக்கும்போது தண்ணீர்ச் சொம்பைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் நடுராத்திரியில் வலி எழுப்பிவிடும். வண்டியில் ஏறினால் மட்டும் வலி குறைவு! ஹேண்டில்பார் தோளுக்குக் கீழேதானே இருக்கிறது, கையை உயர்த்த வேண்டிய வேலையே இல்லை. ஓட்ட முடிகிறது, அப்படியென்றால் பெரிதாக ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

விழுந்து இரண்டு மூன்று வாரம் ஆகியும் கை பக்கவாட்டில் எழும்பவில்லையா, யாரையும் நீவ விடாதீர்கள். எலும்பு டாக்டரிடம் போய், அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ பார்க்க வேண்டுமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன்.

பயந்துபோய்க் கையை அசைக்காமலே இருப்பது

இது அதற்கு நேர் எதிரான தவறு. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் கையைக் கழுத்தில் தொங்கவிடும் ஸ்லிங் போடச் சொன்னார்கள், நான் தையல் விட்டுவிடுமோ என்று பயந்து இன்னும் மூன்று வாரம் சேர்த்துப் போட்டேன். தோள் இறுகிப்போனது. நாற்பதிலிருந்து அறுபது வரைக்கும் தோள் இறுகுவதற்குத் தோதான வயது, சுகர் இருந்தால் இன்னும் அதிகம். பிசியோதெரபியில் சுவரில் விரல்களால் ஏறச் சொல்வார்கள். தினமும் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவைத்தேன். ஒரு விரற்கடை ஏறுவதற்கு சில சமயம் ஒரு வாரம் ஆனது. அந்தக் கோடுகளை இன்னும் வெள்ளையடித்து அழிக்கவில்லை. வண்டியில் ஏறியது ஏழாவது மாதம், அதுவும் டாக்டர் சரி என்ற பிறகு, வண்டியோடு தாவாமல், சமதரையில்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டுவது

கூடவே கூடாது.

ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குவது

கைப்பலத்தில் ஓட்டினால் ஒவ்வொரு குழியும் நேராகத் தோளில் வந்து இறங்கும். முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடியுங்கள், ஃபுட்ரெஸ்டில் எழுந்து நில்லுங்கள், முழங்கை கொஞ்சம் மடங்கி வெளியே பார்த்து இருக்கட்டும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக்கில் முன் சஸ்பென்ஷன் 190 மில்லிமீட்டர் வரை இறங்கும், அந்த வேலையை அதுவே செய்யட்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது இந்தப் பழக்கம் இல்லாமல் போய்விட்டு வந்தால், மறுநாள் சட்டை போடும்போது தெரியும்.

தோள் சரியாகும் முன்பே வண்டியோடு தாவிப் பார்ப்பது

விழுந்தால் கை தானாக முன்னே நீளும், அந்த நேரத்தில் யாராலும் அதைத் தடுக்க முடியாது.

விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்குவது

150 கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டி. நான் தைத்த தோளோடு ஒரு தடவை வீம்புக்குத் தூக்கினேன், பத்து நாள் வலித்தது. இன்ஜினை அணைத்துவிட்டுக் கருவேல நிழலில் உட்காருங்கள், பின்னால் வருகிறவர் வரட்டும்.