முடிதிருத்தும் கத்தரிக்கோல்: அளவு பார்ப்பதில் நேரும் தவறுகள்

பெட்டியில் போட்டிருக்கும் இன்ச் எண்ணை மட்டும் பார்த்துக் கத்தரி வாங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அந்த எண் பிளேடு நுனியிலிருந்து நீளமான கைப்பிடி வளையத்தின் கடைசி வரை உள்ள மொத்த நீளம். சுண்டுவிரல் தாங்கி அதில் சேராது. 6 இன்ச் என்று போட்ட இரண்டு கத்தரிகளில் ஒன்றின் பிளேடு மற்றதைவிடக் குட்டையாக இருக்கலாம். அதனால் பிளேடையும் தனியாக அளந்து பாருங்கள். கத்தரியை மூடி உள்ளங்கையில் கிடத்தி, அதன் நுனியை நடுவிரல் நுனியோடு சேர்த்து வையுங்கள். பிளேடு ஏறக்குறைய நடுவிரலின் அடிவரை வந்தால் அது உங்கள் கைக்கு ஏற்றது.

நீளமான கத்தரியில் வேலை சீக்கிரம் முடியும் என்று எல்லாவற்றுக்கும் 7 இன்ச் எடுப்பவர்கள் உண்டு. சீப்பின் மேல் வைத்து வெட்ட அது அருமையான அளவு. குட்டை பிளேடில் பல வெட்டு போட வேண்டியிருப்பதால் முடியில் படிக்கட்டு போலத் தடம் விழும். ஆனால் முடியை விரலிடுக்கில் பிடித்து உள்பக்கமாக வெட்டும்போது அதே நீளம் ஆபத்து. நுனி எங்கே போகிறது என்று தெரியாமல் விரலிடுக்குத் தோலை வெட்டிவிடும். காதோரம், நெற்றி முடி, நுனியால் கொத்தி வெட்டுவது இவற்றுக்கெல்லாம் 5 முதல் 5.5 இன்ச் போதும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் 5.5, 6 இரண்டில் பிளேடு விரலுக்குப் பொருந்துவதை எடுங்கள்.

வளையத்தை யாரும் கவனிப்பதில்லை. கை வலி பல நேரம் அங்கேதான் தொடங்குகிறது. கட்டைவிரல் நகத்தின் அடிவரைதான் உள்ளே போக வேண்டும். கணு வரை நுழைந்துவிட்டால் கட்டைவிரலை மட்டும் தனியாக அசைக்க முடியாது, மணிக்கட்டும் சேர்ந்து ஆடும். அசையாமல் நிற்க வேண்டிய பிளேடும் ஆடுவதால் வெட்டுக்கோடு கோணலாகும். இதற்காகப் புதுக் கத்தரி வாங்க வேண்டாம், ரப்பர் வளையம் செருகினாலே போதும்.

திருகு இறுக்கத்தால் வரும் வலியை அளவுக் கோளாறு என்று நினைப்பதும் உண்டு. ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு, மற்ற கைப்பிடியைச் செங்கோணமாகத் தூக்கி விடுங்கள். முழுதும் மூடிக்கொண்டால் தளர்வு. அப்போது முடி வெட்டுப்படாமல் பிளேடுகளுக்கு நடுவே மடியும். அசையாமல் அப்படியே நின்றால் இறுக்கம். கொஞ்சம் இறங்கி, மூடுமுன் நிற்பதே சரி.

இடது கைக்காரர்கள் கைப்பிடி வடிவத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பிளேடுகளே இடம் மாறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையின் அழுத்தம் பிளேடுகளை விலக்கும், எந்த அளவு எடுத்தாலும் முடி நழுவும்.