அப்பாவும் தம்பியும் திரும்பக் கதைக்கத் தொடங்கினது

தம்பி கனடா போறன் எண்டு நிண்டதில அப்பாவோட முறிஞ்சு போச்சு, ஒரே வீட்டில இருந்துகொண்டு ரெண்டு பேரும் எல்லாத்தையும் எனக்குள்ளால தான் கதைப்பினம், "அவனிட்டச் சொல்லு", "அவரிட்டக் கேள்", எனக்கெண்டால் நித்திரையே இல்லை. கடைசியில ஃபமிலி தெரபிக்கு, அதாவது குடும்பமாக் கவுன்சிலரோட இருந்து கதைக்கிறதுக்குப் போனம். அப்பா "எனக்கென்ன விசரே" எண்டு நிண்டவர், பெரியம்மா தான் இழுத்துக்கொண்டு வந்தவ.

கவுன்சிலர் ஆரில பிழை எண்டு தீர்ப்புச் சொல்லேல்லை. ரெண்டு பேர் மூண்டாவது ஆளை நடுவில இழுக்கிறதை மரே போவன் எண்ட டொக்டர் முக்கோணம் எண்டு சொன்னவராம். எனக்குத் தந்த வேலை சேதி காவுறதை நிப்பாட்டுறது, அவ்வளவுதான். முதல்ல வீடு செத்தவீடு மாதிரிக் கிடந்தது. பிறகு கிணத்து மோட்டர் பழுதாக அப்பா நேராவே அவனைக் கூப்பிட்டார்! கனடாக் கதை முடியேல்லை, சண்டையும் பிடிக்கினம், ஆனா நேருக்கு நேர். இலங்கையில ஆருக்கும் அவசரமெண்டால் 1926க்கு அடியுங்கோ, அரச மனநல உதவி இலக்கம்.