பெரிய ஸ்கீ கோச்கள் போடும் பயிற்சித் திட்டம், நமக்கேற்ற மாதிரி

அலாஸ்கா பசிபிக் பல்கலைக்கழக அணியில் எரிக் ஃப்ளோராவிடம் பயிற்சி பெற்ற கிக்கன் ராண்டல், 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி டிகின்ஸுடன் சேர்ந்து அமெரிக்காவுக்கு கிராஸ் கன்ட்ரி ஸ்கீயில் (ஏற்ற இறக்கமுள்ள பனிப் பாதையில் சறுக்கிப் போகும் போட்டி) முதல் தங்கத்தை வாங்கித் தந்தார். இப்படிப்பட்ட கோச்களின் திட்டத்தில் மர்மம் ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும்.

கோடையிலேயே தொடங்குங்கள். அந்த அணி கோடையில் ஹெலிகாப்டரில் ஈகிள் பனியாற்றுக்கே போய்விடும். நமக்கு ரோலர் ஸ்கீ, அதாவது சாலையில் ஓட்டும் சக்கரம் வைத்த ஸ்கீ, போதும். பெரும்பாலானவற்றில் பிரேக் கிடையாது, அதனால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சமதளச் சாலையில் மட்டும் ஓட்டுங்கள்.

பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி, பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில்தான் இருக்க வேண்டும். இதைத்தான் யாரும் கேட்பதில்லை, ஏற்றம் வந்ததும் வீம்புக்கு வேகமெடுப்பார்கள்! கோச்கள் காதுமடலிலோ விரலிலோ ஒரு சொட்டு ரத்தம் எடுத்து லாக்டேட் (உடல் கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் கூடும் பொருள்) பார்ப்பதே பல நேரம் இவர்களைப் பிடித்து நிறுத்தத்தான். மூச்சு வாங்கினால் ஏற்றத்தில் நடந்து போங்கள்.

கடினப் பயிற்சிக்கு வாரத்தில் இரண்டு நாள் போதும்: 4 நிமிட வேகம், 3 நிமிட ஓய்வு, நான்கு தடவை. அப்புறம், யாரையாவது பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள், இடுப்பு பின்தங்குவது உடனே தெரியும்.